மடியில் கனம் உண்டு, களவு இல்லை!

(ஆம்பூரில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று நான் பேசப் போவது ரோட்டைப் பற்றி. "ஹஜ்ரத் தொழுகையைப் பற்றிப் பேசுவார், ஜகாத்தைப் பற்றிப் பேசுவார், ரோட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். ரோட்டில்தான் நம் தொழில் ஓடுகிறது. தோல் அந்த வழியாகத்தான் வருகிறது, ஷூ அந்த வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போகிறது. நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அந்த வழியாகத்தான் போய் வருகிறார்கள். அந்த ரோட்டில் நாளை யார் எவ்வளவு காசு கொடுப்பது, கொடுக்கும்போது நம்மைப் பற்றிய எந்தெந்தத் தகவலைச் சேர்த்துக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி விடுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள்.

கூட்டாளிகள் இருவர். இருபது வருடமாக ஒரே கணக்கில் தொழில் செய்தவர்கள். கார் கம்பெனி பெயரில் இருந்தது. ஃபாஸ்டேக் மூத்த கூட்டாளியின் செல்போன் எண்ணில் பதிவாகி இருந்தது. வண்டி சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் அவருடைய போனுக்குச் செய்தி வரும். இளையவர் ஒரு மாதத்தில் நான்கு முறை பெங்களூர் போய் வந்தார். வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று வரிசையாகச் செய்தி வந்தது. "எங்கே போனீர்கள் பாய்?" என்று கேட்டதற்கு, "சும்மா ஒரு வேலை" என்று அவர் மழுப்பினார். மூத்தவர் மனதில் சந்தேகம் விழுந்தது. தனக்குத் தெரியாமல் தனியாகப் பையரைப் பார்க்கிறார், தொழிலைப் பிரிக்கப் போகிறார் என்று முடிவு கட்டினார். மண்டியில் நான்கு பேரிடம் சொல்லியும் விட்டார். கணக்குப் பிரிக்கும் வரைக்கும் போய் விட்டது.

பஞ்சாயத்துக்கு என்னை அழைத்தார்கள். இளையவர் என்னைத் தனியாக அழைத்துப் போய் அழுதார். அவருடைய மகளுக்கு மனநலச் சிகிச்சை நடந்து கொண்டிருந்தது. பெண்ணுக்கு நிக்காஹ் பேச்சு நடக்கும் நேரம். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து, சொந்த அண்ணனிடம் கூடச் சொல்லாமல் வெளியூருக்கு அழைத்துப் போயிருக்கிறார்.

சகோதரர்களே! அந்தச் செய்தியில் பொய் ஏதாவது இருந்ததா? இல்லை. வண்டி போனது உண்மை, நேரம் உண்மை, இடம் உண்மை. அத்தனையும் உண்மையாக இருந்தும் அதைப் படித்தவர் வந்து சேர்ந்த முடிவு பொய்! ஏனென்றால் அந்தச் செய்தி 'எங்கே' என்று மட்டும் சொல்லும். 'ஏன்' என்று சொல்லாது. அந்த 'ஏன்' என்ற இடத்தைப் பார்ப்பவன் தன் சந்தேகத்தால் நிரப்பிக் கொள்கிறான்.

திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் 12ஆவது வசனத்தில் மூன்று விஷயங்கள் வரிசையாகத் தடுக்கப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். முதலில் வீண் சந்தேகம், அடுத்து துருவித் தேடுவது, அதற்கடுத்து புறம் பேசுவது. இந்தக் கூட்டாளிகள் விஷயத்தில் அந்த மூன்றும் நடந்து விட்டன. இரண்டு கூட்டாளிகளுக்கு இடையில் நான்கு செய்திகள் இவ்வளவு சேதம் செய்யும் என்றால், நாட்டில் ஓடும் எல்லா வண்டிகளின் எல்லாப் பயணங்களும் ஒரே இடத்தில் எழுதி வைக்கப்பட்டால் என்ன ஆகும்?

பச்சை நம்பர் பிளேட் வருகிறது

இந்தக் கேள்வி இப்போது ஏன் எழுகிறது? பேட்டரி வண்டி வந்து விட்டதால்!

நம் பக்கத்திலேயே பாருங்கள். 2021 நவம்பரில் ராணிப்பேட்டையில் கிரீவ்ஸ் நிறுவனம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையைத் திறந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஏத்தரும் ஓலாவும் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். பச்சை நம்பர் பிளேட் போட்ட வண்டியை ஆம்பூர் பஜாரில் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழகி விட்டது.

நல்லதுதான். ஆனால் அரசாங்கத்தின் கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் போடும்போது நாம் பெட்ரோலுக்கு மட்டுமா காசு கொடுக்கிறோம்? 2025 ஏப்ரலில் மத்திய அரசு லிட்டருக்கு 2 ரூபாய் கலால் வரியைக் கூட்டியபோது, ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய வரி மட்டும் 21 ரூபாய் 90 காசு ஆனது. அதற்கு மேல் மாநில அரசின் வாட் வரி தனி. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக் என்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 44 காசு மத்திய வரியாகவே போனது. 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் கிலோமீட்டருக்கு சுமார் ஒன்றரை ரூபாய். நமக்குத் தெரியாமலே நாம் கிலோமீட்டர் கணக்கில் வரி கட்டிக் கொண்டுதான் இருந்தோம்!

பேட்டரி வண்டி பங்க்குக்கே போகாது. பொது சார்ஜிங் நிலையத்தில் ஜிஎஸ்டி உண்டு. வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்ட் பில்லோடு சரி. போதாததற்குச் சலுகைகள் வேறு. பேட்டரி வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை வாகன வரி முழுவதும் தள்ளுபடி என்று அரசு அறிவித்தது. மகாராஷ்டிராவில் 2025 ஆகஸ்டில் மும்பை - புனே விரைவுச்சாலை போன்ற சில சாலைகளில் சுங்கமும் தள்ளுபடி ஆனது. இந்தச் சலுகைகள் என்றைக்கும் நிற்குமா? பக்கத்துக் கர்நாடகத்தில் 2024-லேயே 25 லட்சத்துக்கு மேல் விலையுள்ள பேட்டரி கார்களுக்கு 10 சதவீத வரி வந்து விட்டது.

வெளிநாடுகளில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்து விட்டார்கள். நியூசிலாந்தில் 2024 ஏப்ரல் முதல் பேட்டரி கார் 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர் கட்ட வேண்டும். ஐஸ்லாந்திலும் 2024 முதல் கிலோமீட்டர் கட்டணம் வந்தது. பிரிட்டனில் 2028 ஏப்ரல் முதல் பேட்டரி காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இந்தியாவில் இப்படி ஒரு தனி வரி இன்னும் வரவில்லை. ஆனால் பெட்ரோல் வரி குறையக் குறைய, அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி டெல்லியிலும் வரும், கோட்டையிலும் வரும். வந்த பிறகு கூச்சல் போடுவதை விட, வருவதற்கு முன் யோசித்து வைப்பதே அறிவாளிகளின் வேலை.

வரி கேட்பது தவறா?

நான் வரியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரோட்டைத் தேய்ப்பவன் ரோட்டுக்குக் காசு கொடுப்பது நியாயம். இந்த நியாயத்தைத் தோல் தொழில் செய்யும் நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னதே, நினைவிருக்கிறதா? பாலாற்றைக் கெடுத்தவர்களே அதைச் சரி செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது. இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது இப்படித்தான்! எத்தனையோ ஷாப்புகளுக்கு அது கசப்பாக இருந்தது. ஆனால் நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனதும் உண்மைதானே?

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நடந்ததை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வளர்ந்தன. எந்த ஷாப்பிலிருந்து எவ்வளவு கழிவு நீர் வருகிறது என்று அளக்க மீட்டர் வைத்தார்கள். மீட்டர் எதை அளந்தது? தண்ணீரை அளந்தது. முதலாளி எந்தப் பையரோடு டீ குடித்தார், எந்த ஜமாஅத்தில் உறுப்பினர், எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனார் என்று அளந்ததா? இல்லை! தண்ணீருக்குக் காசு, தண்ணீரை அளக்க மீட்டர். அத்தோடு நின்றது.

ரோட்டுக்கும் அதைத்தான் கேட்கிறோம். கிலோமீட்டருக்குக் காசு என்றால் கிலோமீட்டரை அளங்கள். ஆளை அளக்காதீர்கள்!

அளக்கும் வழி மூன்று

ஒரு வண்டி ஓடிய தூரத்தை மூன்று வழியில் அறியலாம்.

ஒன்று, வண்டியில் இருக்கும் கிலோமீட்டர் மீட்டர். வருடத்துக்கு ஒரு முறை அதைப் படித்துக் கணக்குப் போடுவது. நியூசிலாந்து, ஐஸ்லாந்து இரண்டு நாடுகளிலும் அடிப்படை இதுதான். பிரிட்டன் அரசு தன் திட்டத்தை அறிவித்தபோதே, வண்டியில் பின்தொடரும் கருவி எதுவும் பொருத்தப்படாது, மீட்டர் கணக்குதான் என்று சொல்லி விட்டது. இவையெல்லாம் பணமும் விஞ்ஞானமும் உள்ள நாடுகள். செயற்கைக்கோள் வைத்து அளக்கத் தெரியாமலா மீட்டரைப் படிக்கிறார்கள்?

இரண்டாவது வழி, ரோட்டோரத்தில் நின்று பார்ப்பது. நம் ஃபாஸ்டேக் இந்த வகை. 2021 பிப்ரவரி முதல் இது கட்டாயம். இப்போது நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துப் படிக்கும் கேமராவும் சேர்ந்து வருகிறது. தடுப்புக் கட்டை இல்லாத சுங்கச்சாவடிக்கான முதல் ஒப்பந்தம் 2025 ஆகஸ்டில் குஜராத்தின் சோர்யாசி சாவடிக்குக் கையெழுத்தானது. அதுவும் எந்தச் சாலையில்? தேசிய நெடுஞ்சாலை 48. டெல்லியில் தொடங்கும் அதே சாலைதான் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாகச் சென்னைக்குப் போகிறது.

மூன்றாவது வழி, வானத்திலிருந்து பார்ப்பது. வண்டிக்குள் ஒரு கருவி இருக்கும். செயற்கைக்கோள் மூலம் வண்டி எங்கே இருக்கிறது என்று அது அறிந்து கொண்டே வரும். ஓடிய தூரத்துக்குக் காசு தானாகக் கழியும். மத்திய அரசு 2024 செப்டம்பரில் இதற்காகச் சுங்கக் கட்டண விதிகளைத் திருத்தியது. தேசிய பெர்மிட் இல்லாத வண்டிக்கு ஒரு நாளில் ஒவ்வொரு திசையிலும் முதல் 20 கிலோமீட்டர் இலவசம் என்றும் அதில் இருந்தது. பெங்களூர் - மைசூர் சாலையிலும் ஹரியானாவில் பானிப்பட் - ஹிசார் சாலையிலும் சோதனை நடந்தது.

பிறகு என்ன ஆனது? 2025 மே 1 முதல் நாடெங்கும் இந்த முறை வரப் போகிறது என்று செய்தி பரவியபோது, அப்படி எந்த முடிவும் எடுக்கவில்லை என்று அமைச்சகம் மறுத்தது. பாதுகாப்பையும் தனியுரிமையையும் முன்னிட்டு இந்த முறையை மேலும் ஆலோசிக்க வேண்டும் என்று நிபுணர் குழு பரிந்துரைத்ததை நாடாளுமன்றத்திலும் அரசு தெரிவித்தது. கவனியுங்கள்! இந்தச் சந்தேகத்தை நாம் மட்டும் எழுப்பவில்லை. அரசு அமைத்த குழுவே எழுப்பியிருக்கிறது. எனவே "தனியுரிமை என்று பேசுபவன் எதையோ மறைக்கிறான்" என்று யாராவது சொன்னால், இந்தப் பரிந்துரையை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்று வழிக்கும் உள்ள வேறுபாடு புரிகிறதா? முதலாவது, 'இந்த வருடம் 12,000 கிலோமீட்டர் ஓடியது' என்று மட்டும் சொல்லும். இரண்டாவது, 'செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்குப் பள்ளிகொண்டாவைத் தாண்டியது' என்று சொல்லும். மூன்றாவது, எந்தத் தெருவில் திரும்பியது, எந்த வாசலில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று எல்லாவற்றையும் சொல்லக் கூடியது.

முதல் வழியிலும் குறை உண்டு, ஒப்புக் கொள்கிறேன். மீட்டரைத் திருப்பி வைக்கும் கில்லாடிகள் நம் நாட்டில் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஓடியதா, கிராமத்து ரோட்டில் ஓடியதா என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. ஆனால் திருடனைப் பிடிக்க அபராதம் இருக்கிறது. சில பேர் மீட்டரைத் திருப்புவார்கள் என்பதற்காக எல்லாருடைய பயணத்தையும் எழுதி வைப்பது என்ன நியாயம்? செயற்கைக்கோள்தான் வேண்டும் என்றாலும், கணக்கை வண்டிக்குள் இருக்கும் கருவியே போட்டு, மொத்தத் தொகையை மட்டும் அனுப்பும்படி செய்ய முடியும். இடத்தின் விவரம் வண்டியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

சாவி ஒன்று, பூட்டு பல

"சுங்கத்துக்காக வாங்கும் தகவல்தானே, அதனால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு நம் வணிகர்களே பதில் சொல்லலாம். 2021 ஜனவரி முதல் ஃபாஸ்டேக் தகவலை இ-வே பில்லோடு இணைத்து விட்டார்கள். சரக்கு லாரி எந்தச் சாவடியை எப்போது தாண்டியது என்று ஜிஎஸ்டி அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். வரி ஏய்ப்பைப் பிடிக்க அது உதவும், மறுக்கவில்லை. ஒரே பில்லை வைத்து நான்கு லோடு அடிப்பவனால் நேர்மையான வியாபாரிக்குத்தான் நஷ்டம். ஆனால் சாவடியில் நெரிசலைக் குறைக்க என்று சொல்லி வந்த அட்டை, வேறொரு துறையின் கண்ணாக மாறியதே, அதை லாரி உரிமையாளரிடம் யாராவது கேட்டார்களா?

இன்னொன்றைக் கேளுங்கள். நம் வண்டிப் பதிவு விவரங்களையும் ஓட்டுநர் உரிம விவரங்களையும் மத்திய அரசு காசுக்குக் கொடுத்தது. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் கொடுத்து, 65 கோடி ரூபாய் வந்தது என்று 2019 ஜூலையில் துறை அமைச்சரே மாநிலங்களவையில் சொன்னார். எதிர்ப்பு எழுந்தது. 2020 ஜூனில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. 2020 பிப்ரவரியில் டெல்லியில் கலவரம் நடந்தபோது, வண்டி எண்ணைக் கொண்டு உரிமையாளரின் பெயரைத் தெரிந்து கொண்டு வண்டிகளைக் குறி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பெயரைக் கண்டுபிடிக்கும் வசதியே இவ்வளவு அச்சத்தைத் தருகிறது என்றால், போகும் வழியையும் கண்டுபிடிக்கும் வசதி எவ்வளவு அச்சம் தரும்!

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் நடந்ததையும் அறிந்து கொள்ளுங்கள். 2010-இல் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளைச் சுற்றி 218 கேமராக்களை வைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை நம்பர் பிளேட்டைப் படிப்பவை. சில மறைத்து வைக்கப்பட்டவை. குற்றங்களைக் குறைக்க என்று மக்களிடம் சொன்னார்கள். ஆனால் பணம் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது வெளியே தெரிந்தது. அந்த மக்கள் என்ன செய்தார்கள்? கேமராவை உடைக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், வழக்கறிஞர்களை அழைத்தார்கள், மற்ற சமூகத்தவரையும் சேர்த்துக் கொண்டார்கள். கேமராக்கள் மேல் பை போட்டு மூடினார்கள் அதிகாரிகள். காவல்துறை மன்னிப்புக் கேட்டது. 2011-இல் அவை கழற்றப்பட்டன. சட்டத்தின் வழியில் நின்று பெற்ற வெற்றி!

இளைஞர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சுங்கக் கருவி நமக்காக மட்டும் விரித்த வலை அல்ல. அப்படி யாராவது மேடையில் முழங்கினால் நம்பாதீர்கள். அது எல்லா வண்டியையும் எழுதும். கோயிலுக்குப் போகிறவரையும் எழுதும், தேவாலயத்துக்குப் போகிறவரையும் எழுதும். தொழிற்சங்கத் தலைவரையும் எழுதும், எதிர்க்கட்சிக்காரரையும் எழுதும். ஆனால் எழுதி வைத்ததை யார் எப்போது எடுத்து யாருக்கு எதிராகப் படிப்பார்கள் என்பதில் எல்லாருக்கும் ஒரே நிலைமை இல்லை. சந்தேகத்தின் பேரில் நெடுங்காலம் சிறையில் வைக்க வழி செய்த தடா சட்டம் 1995-இல் காலாவதியானது. அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். 'அந்த வழியாக ஏன் போனாய்?' என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்று அவர்களிடம் கேளுங்கள்.

மடியில் கனம்

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். தப்புச் செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் இதைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள்.

நான் கேட்கிறேன்: மடியில் கனம் என்றால் களவுப் பொருள் என்று யார் சொன்னது? அந்தக் காலத்து வியாபாரி மடியில் எதைக் கட்டிக் கொண்டு போனான்? தன் சொந்த முதலை! பாடுபட்டுச் சேர்த்த பணத்தை! அதனால்தான் வழியில் பயந்தான். பயந்தவன் திருடன் அல்ல, திருடனுக்குப் பயந்த நல்லவன்.

உங்கள் மடியிலும் கனம் இருக்கிறது. பெரியமேட்டில் எந்த ஏஜெண்டைப் பார்க்கிறீர்கள், ஈரோட்டில் யாரிடம் சரக்கு வாங்குகிறீர்கள், எந்த பேங்கில் கடன் கேட்டு ஏறி இறங்குகிறீர்கள் என்பதெல்லாம் தொழில் ரகசியம். போட்டியாளருக்குத் தெரிந்தால் ஆர்டர் போய் விடும். மகளின் மருத்துவம், தம்பியின் குடும்பத் தகராறு, பாட்டியின் சொத்துப் பிரச்சினை எல்லாம் குடும்ப ரகசியம். ரகசியத்தில் ஒருவருக்குக் கொடுக்கும் தர்மம் கூட ரகசியம்தான். இவற்றில் எது குற்றம்?

இதை உச்ச நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவை மீறக் கூடாது. இந்த மூன்றாவது அளவுகோலை எடுத்து வைத்துப் பாருங்கள். வரி வசூலிக்கக் கிலோமீட்டர் போதும் என்றிருக்க, போன இடமெல்லாம் எதற்கு?

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான பகுதி 2027-இல்தான் நடைமுறைக்கு வரும். ஆனால் அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தரும் வழி இருக்கிறது. கடைக்காரனுக்குப் பூட்டு, அரசுக்குத் திறந்த கதவு என்றால் பாதுகாப்பு எங்கே? ஜெர்மனியில் 2005 முதல் லாரிகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் சுங்கம் வாங்குகிறார்கள். அங்கே அந்தத் தகவலைச் சுங்கத்தைத் தவிர வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று சுங்கச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மனமிருந்தால் எழுத முடியும் என்பதற்கு இது சாட்சி!

ஏழையின் ஸ்கூட்டர்

இன்னொரு நியாயத்தையும் மறக்கக் கூடாது. பேட்டரி வண்டி என்றதும் பணக்காரரின் காரை மட்டும் நினைக்காதீர்கள். நம் தெருவில் ஓடுவது ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும்தான். வீடு வீடாகச் சாப்பாடும் பார்சலும் கொண்டு போகும் இளைஞன் நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுகிறான். வருடத்துக்கு 300 நாள் என்றால் 30,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 50 காசு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்டால் 15,000 ரூபாய்! சொகுசுக் காரில் வாரம் ஒரு முறை போகிறவர் இவனை விடக் குறைவாகக் கட்டுவார். இது நீதியா? இரு சக்கர வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் சுங்கம் இல்லாத நிலை நீடிக்க வேண்டும். ரோட்டைத் தேய்ப்பது எடை. எனவே எடைக்கும் விலைக்கும் ஏற்ப விகிதம் வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

1. பேட்டரி வண்டிக்குக் கிலோமீட்டர் வரி வந்தால், வண்டி மீட்டரைப் படித்துக் கட்டும் வழி எல்லாருக்கும் இருக்க வேண்டும். பின்தொடரும் கருவி கட்டாயம் ஆகக் கூடாது.

2. சுங்கத்துக்காக வாங்கிய தகவலைச் சுங்கத்துக்கு மட்டுமே எடுக்க வேண்டும். காவல்துறைக்குத் தேவை என்றால் நீதிமன்ற உத்தரவோடு, குறிப்பிட்ட வழக்குக்காக மட்டும் பெற வேண்டும்.

3. பணம் கழிந்து, தகராறுக்கான கெடு முடிந்ததும் பயண விவரத்தை அழித்து விட வேண்டும். எத்தனை நாளில் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

4. தன் பயண விவரத்தை யார் யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று வண்டி உரிமையாளர் கேட்டுப் பெறும் உரிமை வேண்டும்.

5. ஸ்கூட்டர், ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு விலக்கு வேண்டும்.

இவை முஸ்லிம்களின் கோரிக்கைகள் மட்டுமல்ல. லாரி உரிமையாளர்களும் டாக்ஸி ஓட்டுநர்களும் எல்லா வணிகர்களும் கேட்க வேண்டியவை. அவர்களுடைய வாசலுக்கு நாம் போக வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுத வேண்டும். விதிகளை மாற்றும்போது அரசு மக்களிடம் கருத்துக் கேட்கும் நேரத்தில் தூங்கி விட்டு, பிறகு போஸ்டர் ஒட்டுவதில் பயனில்லை.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ஃபாஸ்டேக் யாருடைய எண்ணில் பதிவாகி இருக்கிறது என்று பாருங்கள். வண்டியை விற்றவர்கள் டேக்கை மூடி விட்டீர்களா என்று பாருங்கள். கம்பெனி வண்டி என்றால், செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று கூட்டாளிகள் பேசி எழுதி வையுங்கள். நம்பர் பிளேட்டை மறைப்பது, டேக்கை மாற்றி ஒட்டுவது போன்ற குறுக்கு வழிகளில் மட்டும் இறங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், நம் கோரிக்கைக்கும் கேடு.

கடைசியாக அந்தக் கூட்டாளிகள் விஷயம். இளையவரின் அனுமதியோடு உண்மையை மூத்தவரிடம் மட்டும் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவே இல்லை. பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டி, "ஹஜ்ரத், இந்தச் செய்தி எனக்கு இனி வர வேண்டாம், எப்படி நிறுத்துவது?" என்று கேட்டார். கணக்குப் பிரியவில்லை. இன்றும் ஒன்றாகத்தான் தொழில் செய்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு மனிதர் வெட்கப்பட்டுத் தன் போனை நீட்டினார். ஓர் அரசாங்கத்துக்கு அப்படி வெட்கம் வராது. அதற்குச் சட்டம்தான் வேண்டும். அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது. இறைவன் நமக்கு அந்தத் தெளிவையும் துணிவையும் தருவானாக! வஸ்ஸலாம்.